இருக்கை அசையாதிருக்க

இரயில் மேடை இருக்கைகள் தளத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதை நாம் காண்கிறோம். நம் குடியிருப்பு முற்றங்களிலோ அவை பெரும்பாலும் வெறுமனே நிற்கின்றன. சாய்வில் ஒரு குழந்தை தொங்கினாலே அவை கவிழக்கூடும். கையூன்றி எழும் முதியோரும் விழ நேரிடும்.

புதிய கான்கிரீட் எனில், வார்த்தபின் 28 நாள் செல்லட்டும். விளிம்பருகே துளையிட்டால், போல்ட் விரியும்போது கான்கிரீட் பிளக்கும். ஆதலின் விளிம்பையும் வெடிப்பையும் விட்டு விலகித் துளையிடுதல் வேண்டும். துளையிலுள்ள தூளை முற்றும் நீக்குதல் இன்றியமையாதது. தூள் தங்கினால் பிடி தளரும். மேலே ஓடு பதித்திருப்பின், போல்ட் அதனைக் கடந்து கான்கிரீட்டில் ஆழ இறங்குதல் வேண்டும். மழை படுமிடத்தில் துத்தநாகம் பூசிய போல்ட்டே ஏற்றது. கால்கள் நான்கும் படிந்தபின் வாஷரிட்டு நட்டை முறுக்குக.

மழைக்காலம் கழிந்ததும் ஆண்டுதோறும் இருக்கையை அசைத்துப் பார்ப்போமாக. தளர்ந்த நட்டை இறுக்கச் சில நிமிடம் போதும். முதியோரின் முறிந்த எலும்பு கூட மாதங்கள் ஆகும்.