முகமும் தூரமும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. வேலை தேடுவோரின் முகமோ இன்று முதலில் படத்தில்தான் தெரிகிறது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் நானும், 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற லிங்க்ட்இன் தளத்தில் ஒரு பக்கம் திறந்தேன். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலருகே, கைபேசியை முகத்தருகே பிடித்து நானே எடுத்த படத்தை அதில் இட்டேன். மூக்கு பெருத்து, காது ஒடுங்கி, யாரோ போலிருந்தேன். குறை என் முகத்தில்தான் என்றெண்ணி நீக்கிவிட்டேன்.

உண்மையில் குறை தூரத்தில் இருந்தது. அருகிலுள்ள பொருள் பெரிதாகத் தெரியும் என்பது ஒளியியலின் பாலபாடம். முகத்திலிருந்து 30 செ.மீ. தூரத்தில் எடுத்தால், மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் கணக்கிட்டுக் கூறினர். ஒன்றரை மீட்டர் தூரத்தில் அவ்வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும்.

ஆகவே நண்பர்களே, கைபேசியை இன்னொருவரிடம் கொடுத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். உச்சி வெயில் கண்குழியில் நிழல் வீழ்த்தும். எனவே காலை வேளையில், சன்னலை நோக்கி நில்லுங்கள். இரவல் கோட்டு வேண்டாம். துவைத்துத் தேய்த்த சட்டையே போதும்.

நானும் அவ்வாறே புதுப்படம் இட்டுள்ளேன். எடுத்தவர் என் அம்மா.