தரம்பார்த்தல் கணக்கீட்டில் ‘சமானம்’ என்னும் கருத்து

வடலூர், நெய்வேலி வட்டாரத்திலும் பிற இடங்களிலும் தமிழ்வழியில் பயிலும் மேல்நிலை மாணவர்க்குப் பருமனறி பகுப்பாய்வு பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அடங்கிவிடுகிறது. ஒரு கரைசலின் பருமனையும் நார்மாலிட்டியையும் பெருக்கிய தொகை, மற்றதன் பெருக்குத்தொகைக்குச் சமம். இது ஏன் பொருந்துகிறது என்பதற்கு விடை ‘சமான நிறை’ என்னும் தமிழ்ச்சொல்லிலேயே உள்ளது. ‘நார்மாலிட்டி’ என்ற கடன்சொல் அதனை மறைத்துவிடுகிறது.

9.8 கிராம் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் படிகத்தைக் கரைத்து 250 மி.லி. ஆக்கினால், சமான நிறை 392 ஆதலின், 0.1 நார்மல் திட்டக் கரைசல் கிடைக்கும். அதில் 20 மி.லி. எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துத் தரம்பார்க்கையில், நிலைத்த இளஞ்சிவப்பு தோன்ற 19.6 மி.லி. பொட்டாசியம் பெர்மாங்கனேட் செலவாவதாகக் கொள்வோம். பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி 0.1020 ஆகும். செறிவறியாத பெர்ரஸ் சல்பேட் கரைசலின் 20 மி.லி.க்கு 18.4 மி.லி. செலவானால், அதன் நார்மாலிட்டி 0.0939, படிகத்தின் சமான நிறையாகிய 278ஆல் பெருக்க, லிட்டருக்கு 26.1 கிராம்.

இங்குப் பெர்மாங்கனேட் ஓர் இடைத்தரகர் மட்டுமே. 0.1ஐ 18.4ஆல் பெருக்கி 19.6ஆல் வகுத்தாலே விடை வந்துவிடும்; அதன் செறிவு கணக்கில் நீங்கிவிடுகிறது. பதிவேட்டில் அதனைத் தனியே கணக்கிடச் செய்வது பயிற்சிக்காகவே.

இனி, நார்மாலிட்டிக்குப் பதிலாக மோலாரிட்டியை அதே வாய்பாட்டில் இட்டால் நேர்வதைக் காண்போம். பெர்மாங்கனேட்டின் மோலாரிட்டி 0.0204. பெர்ரஸ் சல்பேட்டுக்கு 0.0188 மோலார், அதாவது லிட்டருக்கு 5.22 கிராம் என விடை வரும்; உண்மை அளவில் ஐந்தில் ஒரு பங்கு. அமில ஊடகத்தில் ஒரு மோல் பெர்மாங்கனேட் ஐந்து மோல் எலக்ட்ரான்களை ஏற்பதே காரணம். ஆகவேதான் 158ஐ 5ஆல் வகுத்துச் சமான நிறை 31.6 என்கிறோம். நடுநிலை ஊடகத்தில் மூன்றையே ஏற்பதால் அது 52.7 ஆகிறது. சமான நிறை பொருளுக்கு உரிய மாறாப் பண்பன்று, வினையைச் சார்ந்தது. மோல் அடிப்படையில் கணக்கிடுவோர் சமன்படுத்திய வினைச் சமன்பாட்டை எழுதியே தீரவேண்டும். நார்மாலிட்டி அவ்வுழைப்பை முன்கூட்டியே முடித்து ஓர் எண்ணுக்குள் பொதிந்துவைக்கிறது. மாணவர் மனப்பாடம் செய்வது அவ்வெண்ணையே.

கலைச்சொல்லும் இதிற் பங்குகொள்கிறது. ‘தரம்பார்த்தல்’ என்பது பொருளின் தரத்தை ஆராய்வதாக ஒலிக்கிறது. ஆனால் நிகழ்வதோ அளவறிதல். இலங்கைப் பாடநூல்களின் ‘நியமிப்பு’, ‘நியமக் கரைசல்’ என்பன ஒரே அடியிற் பிறந்தவை. அறிந்த கரைசலைக் கொண்டே அறியாததை அளக்கிறோம் என்பதைச் சொல்லளவிலேயே உணர்த்துகின்றன. நம் ‘திட்டக் கரைசலுக்கும்’ ‘தரம்பார்த்தலுக்கும்’ அத்தகைய உறவு இல்லை.