பன்னிரண்டு கீற்றுகளில் ஒரு வண்ணச் சக்கரம்

இங்க்ஸ்கேப் இருந்தால் காம்பஸ் தேட வேண்டியதில்லை. 2003-ல் தொடங்கிய இந்த இலவச வெக்டர் மென்பொருளில் வட்டக் கருவியால் தோராயமாக ஒன்றை இழுத்துவிட்டு, மேல்பட்டையில் இரண்டு ஆரங்களுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். கோணலில்லாத வட்டம் தயார். அங்கேயே தொடக்கம் 0, முடிவு 30 என்று போட்டால் மிச்சமெல்லாம் மறைந்து, தர்பூசணிக் கீற்று மாதிரி ஒரு துண்டு நிற்கும். இப்படிப் பன்னிரண்டு வைத்தால் 360 பாகையும் நிரம்பிவிடும்.

நான் முதல்முறை சறுக்கியது அடுத்த படியில். கீற்றை நகலெடுத்துத் திருப்பினேன். அது வட்ட மையத்தைச் சுற்றாமல் தன் வயிற்றையே சுற்றியது. பன்னிரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து பிய்த்துப்போட்ட தாமரையாகிவிட்டது. தேர்ந்தெடுத்த கீற்றை மறுபடி ஒருமுறை சொடுக்கினால் நடுவில் சின்னக் கூட்டல் குறி தெரியும். அதுதான் அச்சாணி. அதை இழுத்துக் கீற்றின் கூர்முனையில் வைக்க வேண்டும். பிறகு கன்ட்ரோலுடன் டி விசை நகலெடுக்கும். பகர அடைப்புக்குறி விசை ஒரு தட்டுக்கு 15 பாகை திருப்பும். இரண்டு தட்டுக்கு ஒரு கீற்று.

நிறம் கொடுப்பதில்தான் வழக்கே. திரையின் கணக்கு எளிது: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை எண். சிவப்பு 255-ல் நிற்க, பச்சையை 128-க்கு ஏற்றினால் ஆரஞ்சு, 255-க்கு ஏற்றினால் மஞ்சள். இனி சிவப்பை இறக்கிக்கொண்டு வந்தால் பச்சை. ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் அசைத்தே சக்கரம் முழுக்கச் சுற்றி வந்துவிடலாம். ஆனால் முடித்துப் பார்த்தால் சிவப்புக்கு எதிரே நிற்பது பச்சை அல்ல, அச்சகக்காரர்கள் சயான் என்கிற பச்சைநீலம். பள்ளி ஓவிய வகுப்பில் சிவப்புக்கு எதிர் பச்சை என்றுதானே படித்தோம்? ஜோகன்னஸ் இட்டன் 1961-ல் வெளியிட்ட வண்ண நூலின் சக்கரமும் அதையே சொல்கிறது. அது சிவப்பு, மஞ்சள், நீலத்தை மூலமாகக் கொண்ட ஓவியர் சக்கரம். சாயம் ஒளியை விழுங்குகிறது, திரை ஒளியைக் கூட்டுகிறது; இரண்டுக்கும் ஒரே சக்கரம் பொருந்தாது. திரைக்கு வேலை செய்பவர் திரையின் சக்கரத்தை வரைவதே நல்லது என்பது என் கட்சி.

நிறங்களை வட்டமாக்கியவர் நியூட்டன். 1704-ல் வெளியான ஆப்டிக்ஸ் நூலில் ஏழு நிறங்களை, இசைச் சுரங்களின் இடைவெளியை ஒட்டி, சமமில்லாத கீற்றுகளாகவே அடுக்கினார். வானவில்லில் சிவப்பின் அலைநீளம் ஏறக்குறைய 700 நானோமீட்டர், ஊதா 400. இரண்டும் எதிரெதிர் முனைகள். சக்கரமோ அந்த முனைகளைக் கட்டிப்போடுகிறது. கட்டிய இடத்தில் வரும் மெஜந்தாவுக்குத் தனி அலைநீளமே கிடையாது. சிவப்பும் நீலமும் சேர்ந்து கண்ணில் விழும்போது மூளை காட்டும் நிறம் அது.

வரைந்து முடித்ததும் கீற்றுகளுக்கு இடையே மயிரிழை வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். விளிம்பில் உள்ள திரைப்புள்ளியைக் கீற்று பாதிதான் மூடுகிறது; அடியிலிருக்கும் வெள்ளை கசிகிறது. ஒவ்வொரு கீற்றுக்கும் அதே நிறத்தில் மெல்லிய ஓரக்கோடு கொடுத்தால் அடங்கிவிடும். நடுவில் பன்னிரண்டு கூர்முனைகளும் முட்டிக்கொள்ளும் நெரிசலை மட்டும் நான் சரிசெய்வதில்லை. மேலே ஒரு சிறிய வெள்ளை வட்டத்தை வைத்து மூடிவிடுவேன்.