கையேட்டுக்குள் கோப்பு

மலேசியாவின் கெடா ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பால் நிறுக்கும் நேரம் மறக்காது. ஸ்டோரில் வாளி தராசில் ஏறும். தோட்ட எழுத்தரான கிராணி எடையைச் சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். பிறகு அது ஆபீசில் செக்ரோல் என்ற பதிவேட்டுக்கு ஏறும். பாடாங் செராய் பக்கம் பால்மரம் வெட்டிய என் அம்மா தன் கணக்கைக் காலண்டரில் குறித்துவைப்பார். சம்பள நாளில் மூன்றும் ஒத்துப்போகாத மாதங்கள் உண்டு. யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. ஒரே எண்ணைப் பெயர்த்துப் பெயர்த்து எழுதினால் எங்காவது பிசகத்தான் செய்யும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், 1996இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க்குக்குப் பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். மென்பொருள் எழுதுபவர்களுக்கும் இதே பிசகு காத்திருக்கிறது. நிரலின் பத்து வரியைப் பயனர் கையேட்டில் ஒட்டுகிறோம். அடுத்த மாதம் ஒருவர் நிரலில் போர்ட் எண்ணை 8080இலிருந்து 9090ஆக மாற்றுகிறார். கையேட்டில் பழைய எண்ணே நிற்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் அதை நம்பி ஒரு நாளைத் தொலைக்கிறார்.

இதற்கு வழி, வரிகளை ஒட்டாமல் கோப்பின் பெயரை மட்டும் கையேட்டில் குறிப்பது. கையேடு உருவாகும்போது கருவியே அந்தக் கோப்பைத் திறந்து உள்ளடக்கத்தை இழுத்துவரும். பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக கேயார்க் பிராண்டல் உருவாக்கி 2008இல் வெளியிட்ட ஸ்பிங்க்ஸ் என்ற கருவியில் இதற்கு ‘லிட்டரல்இன்க்ளூட்’ என்ற கட்டளை இருக்கிறது. மார்க்டவுனில் இயல்பாக இந்த வசதி கிடையாது, துணைக்கருவி வேண்டும்.

முழுக் கோப்பும் தேவைப்படாதபோது பலர் ‘10 முதல் 20 வரை’ என்று வரி எண் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கோப்பின் தலையில் யாராவது மூன்று வரி சேர்த்தால் போதும், கையேட்டில் சத்தமில்லாமல் வேறு துண்டு அச்சாகும். அதைவிட, வேண்டிய பகுதியின் முன்னும் பின்னும் குறிப்புரையாக ஓர் அடையாளப் பெயரை எழுதி, அதைக் கட்டளையில் சொல்லலாம். வரிகள் எங்கே நகர்ந்தாலும் அடையாளம் கூடவே நகரும். அதை யாராவது அழித்துவிட்டால் ஸ்பிங்க்ஸ் எச்சரிக்கும். ஆஸ்கிடாக்டர் என்ற ஆவணக் கருவியிலும் ‘டேக்’ என்ற பெயரில் இது உண்டு.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று. எடுத்துக்காட்டு நிரல் தனிக் கோப்பாக இருப்பதால் அதை ஓட்டிச் சோதிக்க முடிகிறது. கையேட்டில் வாசகர் பார்ப்பது உண்மையிலேயே ஓடிய நிரல்.

ஆனால் பக்கத்தில் நாம் எழுதும் விளக்கம் தானாக மாறாது. அதனால் அவசியமான விளக்கத்தை நான் நிரலுக்குள்ளேயே, அந்த வரிக்கு நேர் மேலே குறிப்புரையாக எழுதிவிடுகிறேன். வரியை மாற்ற வருபவர் கண்ணில் அது பட்டுவிடும்.