கைக்குட்டையின் மூலைக்கு என்ன கூலி?

ஐப்பசி மழை வலுத்தால் மரக்காணத்து உப்புப் பாத்திகள் மூழ்கிவிடும். மறுபடி உப்பு வார மாதங்கள் ஆகும். கிளியனூரிலிருந்து மரக்காணம் வரையுள்ள பெண்களுக்கு அந்த இடைவெளியில் ஒரு கைவேலை கற்றுத்தரலாம் என்று நினைப்பவர்கள் ரேந்தையை, அதாவது கையால் பின்னும் லேஸை, யோசிக்கலாம். விற்க புதுச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. க்ளூனி சபைக் கன்னியர் நடத்தும் பூத்தையல் கூடத்தைத் தேடி இன்றும் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். ஆனால் பின்னுவதற்கான திண்டு வாங்குவதற்கு முன் கூலிக்கணக்கைப் போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

கருவிகளுக்குச் செலவு அதிகமில்லை. வைக்கோலை இறுக்கி அடைத்த திண்டு, துளையிட்ட வடிவ அட்டை, குண்டூசிகள், நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள், அவ்வளவுதான். கட்டைகள் சோடி சோடியாகத் தொங்கும். இரண்டு சோடியை எடுத்தால், நடுவிலுள்ள இரண்டில் இடதை வலதின் மேல் போடுவது ஓர் அசைவு. ஒவ்வொரு சோடியிலும் வலதை இடதின் மேல் போடுவது இன்னோர் அசைவு. எப்பேர்ப்பட்ட பூவும் இந்த இரண்டும் மாறிமாறி வருவதுதான். பின்னல் துளையை எட்டியதும் அங்கே ஊசி குத்தி நூலை இழுத்து நிறுத்துவார்கள். இழுப்பு சீராக இல்லாவிட்டால், ஊசிகளைப் பிடுங்கியதும் விளிம்பு நெளிந்துவிடும். ஒரு கைக்குட்டையின் நான்கு விளிம்பிலும் ரேந்தை வைப்பதாகக் கொள்வோம்: 25 செ.மீ. சதுரத்துக்குச் சுற்றளவு ஒரு மீட்டர். மணிக்கு 3 செ.மீ. பின்னினால் 33 மணி நேரத்துக்கு மேல். மணிக்கு 50 ரூபாய் என்றாலும் கூலி மட்டும் 1,650 ரூபாய்க்கு மேல். மூக்குத் துடைக்கிற துணிக்கு இதை யார் கொடுப்பார்கள்?

மெஷின் லேஸ் இருக்கையில் இது எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. இங்கிலாந்தில் ஹீத்கோட் 1809-இல் வலைப்பின்னல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1813-இல் லீவர்ஸ் இயந்திரம் வந்தது. நேர்விளிம்பில் கை இனி அதனோடு போட்டியிட முடியாது. மூலை வேறு கதை. கஜக்கணக்கில் ஓடும் லேஸை அங்கே வெட்டி ஒட்டவோ சுருக்கவோ வேண்டியிருக்கும். திண்டில் பின்னுபவர் நூலை அறுக்காமலே திரும்பிவிடுவார்.

இந்தத் தொழில் பெண்களைக் கரையேற்றியது என்பார்கள். உண்மைதான். 1819-இல் நாகர்கோவில் வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, பள்ளிச் சிறுமிகளுக்கு ரேந்தை கற்றுத்தந்தார்; மகள் எலைசா, 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தபின், அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். திருவிதாங்கூரில் 1855-இல் அடிமைமுறை ஒழியும் முன்பே, பின்னிச் சேர்த்த காசில் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. ஆனால் வெள்ளைக்காரச் சீமாட்டிகளிடம் கொண்டுபோய் விற்க அங்கே மிஷன் இருந்தது. ஆந்திரத்து நர்சாபூரில் ஊசிக்கொக்கிப் பின்னல் வியாபாரிகள் கைக்குப் போனபோது நடந்ததைச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் வெளியான தம் நூலில் எழுதினார்: நாள்முழுதும் பின்னியவர்களை, ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள் என்று சொல்லியே கூலியை அடிமட்டத்தில் வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் சும்மாதானே இருக்கிறார்கள் என்ற பேச்சும் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

ஆகவே நான்கு பக்கமும் வேண்டாம், ஒரு மூலை போதும். மூலையின் இருபுறமும் 6 செ.மீ. வீதம் பின்னினால் அதே கணக்கில் 4 மணி நேரம், 200 ரூபாய் கூலி. மற்ற விளிம்பை மடித்துத் தைத்துவிடலாம். துணியை மட்டும் முன்பே ஒருமுறை நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே துணி சுருங்கி, ரேந்தை துருத்திக்கொண்டு நிற்கும்.