தேள் கொட்டு: வலியைவிட வியர்வையைக் கவனியுங்கள்

வைக்கோல்போர் பிரிக்கும்போதும், விறகு அடுக்கையோ தென்னை மட்டையையோ புரட்டும்போதும் தேள் கொட்டுவது தஞ்சை வட்டாரத்தில் புதிதல்ல. நட்டுவாக்காலியைக் கண்டால் தெருவே கூடிவிடும். ஆனால் பெரிய இடுக்கிகளோடு மிரட்டும் அந்தக் கருந்தேள் கொட்டினால் பெரும்பாலும் கடுப்போடு போய்விடும். இடுக்கி மெலிந்து வால் தடித்த, விரல் நீளமே உள்ள செந்தேள்தான் உயிருக்கு உலை வைப்பது. 1798-ல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் இதற்கு வைத்த பெயர் ‘தமுலஸ்’. நம் தமிழின் பெயர் ஒட்டிக்கொள்ள வேறு பிராணி கிடைக்கவில்லை போலும்!

செந்தேள் விஷம் நரம்புகளின் சோடியம் வாசல்களை மூடவிடுவதில்லை. அதனால் அட்ரினலின் போன்ற சுரப்புகள் கட்டுக்கடங்காமல் கொட்டுகின்றன. வாந்தி வரும், உடல் வியர்வையில் நனையும், கைகால் சில்லிடும். ஆண்களுக்குக் குறி விறைக்கும். ரத்த அழுத்தம் எகிறி, இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோக்கும்போது மூச்சு திணறும். குழந்தைகளுக்கு இது சில மணி நேரத்திலேயே முற்றிவிடலாம்.

மந்திரிப்பதும் புளியங்கொட்டையை உரசி ஒட்டுவதும் பலித்ததாகத் தோன்றுவதற்குக் காரணம், பெரும்பாலான கொட்டுகள் தாமாகவே தணிவதுதான். செந்தேளிடம் அந்தக் கணக்கு செல்லாது.

அதற்கான சிகிச்சைக்கு வழி காட்டியவர் மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர். ரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரையைத் தேள் விஷத்துக்குப் பயன்படுத்தி 1980-களில் ‘லான்செட்’ இதழில் எழுதினார். கடும் பாதிப்புக்கு ஆளானவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அது ஐந்துக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. புதுச்சேரி ஜிப்மரில் 50 குழந்தைகளிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், பிரசோசினோடு தேள் விஷமுறிவு மருந்தும் பெற்றவர்கள் விரைவாகத் தேறினார்கள்.

கொட்டிய இடத்தைக் கீறாதீர்கள், கட்டாதீர்கள். வலிக்குத் துணியில் சுற்றிய ஐஸ் போதும். குழந்தையைக் கொட்டியிருந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். கொட்டியது தேள் என்பதையும் கொட்டிய நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து தேளுக்கு வேலை செய்யாது. தாத்தாவின் பிரஷர் மாத்திரையை எடுத்து வீட்டிலேயே கொடுத்துவிடவும் வேண்டாம். பிரசோசின் ரத்த அழுத்தத்தைச் சட்டென இறக்கக்கூடியது. நோயாளியைப் படுக்கவைத்து, எடைக்கேற்ற அளவை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும்.