வீராம்பட்டினம் வழியே வந்த குருமடம்

பினாங்குக் குருமடத்தின் பூர்வீகம் நம்மில் பலருக்குத் தெரியாது. 1665-இல் சயாமின் அயுத்தியாவில் பிறந்த கல்லூரி அது. போர்க் கலகங்களுக்குத் தப்பி இடம் மாறி, 1770-இல் புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினத்தில் ஒதுங்கியது. ஆம், செங்கழுநீர் அம்மன் தேருக்குப் பேர்போன அதே ஊர்தான்! அங்கேயும் நிலைக்கவில்லை. 1808-இல்தான் பினாங்கில் காலூன்றியது. சீனரும் வியட்நாமியரும் இங்கே ஒன்றாக அமர்ந்து லத்தீனில் பாடம் படித்தார்கள்.

அவர்களுக்குக் கற்பித்தவர்களில் இருவர் இம்பேர், சஸ்தான் என்னும் பிரெஞ்சுக் குருக்கள். இருவரும் பின்னாளில் கொரியாவுக்குப் போனார்கள். அங்கே கிறிஸ்தவ மறைக்குத் தடை. பிடிபட்டால் தலை போகும். துக்கம் காப்பவர்போல் உடுத்தி, அகன்ற தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு ஊர் ஊராய் நடந்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

1839-இல் வேட்டை கடுமையாயிற்று. அப்போது ஆயராக இருந்த இம்பேர், மக்களாவது பிழைக்கட்டும் என்று தாமே சரணடைந்தார். சஸ்தானையும் மற்றொரு குருவான மொபானையும் சரணடையச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். ஒளிந்திருக்க வழியிருந்தும் அவர்கள் வந்தார்கள். செப்டம்பர் 21-ஆம் தேதி மூவரும் வெட்டுண்டனர். அதன் பிறகும் வேட்டை ஓயவில்லை என்பதே வேதனை. 1984-இல் சியோலில் திருச்சபை அவர்களைப் புனிதர்களாக அறிவித்தது.

பிள்ளையைக் குருமடத்துக்கு அனுப்பத் தயங்கும் தாய்மாரை நான் குறை சொல்லமாட்டேன். பினாங்கில் படித்த வியட்நாமிய இளைஞர் பிலிப்பு மின், குருவாகித் தம் நாட்டிலேயே 1853-இல் தலை வெட்டுண்டு இறந்தார்.